ஊசி பருத்த கதை

என் வீட்டுக்காரருக்கு அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் அவர் ஊசி. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவது அவருடைய வேலை. மொட்டை மாடியில் நிற்கும் தொட்டிகளுக்கு மேலே வட்டமாக ஒரு வாய் இருக்கும். அதில் ஒரு வாளி தாராளமாக நுழையும். மனிதன் நுழைய வேண்டுமென்றால் அவனும் வாளி அளவில்தான் இருக்க வேண்டும். மற்ற ஆட்கள் தோளோடு மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். இவர் இரண்டு கையையும் மேலே தூக்குவார், வயிற்றை முதுகோடு ஒட்டுவார், அடுத்த நொடி ஆளைக் காணோம்.

கடவுள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் கொடுக்கிறார். சிலருக்குக் குரல், சிலருக்குப் படிப்பு. இவருக்கு இடுப்பைக் கொடுக்க மறந்துவிட்டார், அதுவே வரமாகிவிட்டது.

அந்த வரத்தைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "இந்த ஊர்ல நான் ஒருத்தன் இல்லேன்னா பாதிப் பேர் பாசித் தண்ணிதான் குடிக்கணும்" என்பார். சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் சொல்வார். நான் "ஆமாங்க" என்று தட்டை நகர்த்துவேன். ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் மனிதர், ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடிக்க மாட்டார், அதையும் நான்தான் கொண்டு வந்து வைக்க வேண்டும். அது வேறு விஷயம்.

உடம்பு ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் சிகரெட்தான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. நான் கடவுளை நம்புகிற மாதிரி அவர் அதை நம்பினார். தொட்டிக்குள் இறங்கும் முன் ஒன்று, ஏறிய பின் ஒன்று, நடுவில் மாடியில் காற்று நன்றாக வீசுகிறதே என்று ஒன்று. நல்ல காற்றைக் கண்டால் அதைக் கெடுக்காமல் அவரால் இருக்க முடியாது.

ஒருநாள் ஒரு பள்ளிக்கூட மாடியில் தொட்டிக்குள் இருக்கும்போது இருமல் வந்தது. வந்தது நிற்கவில்லை. மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என் தம்பி. அவனும் அதே வேலைக்காரன்தான். இவர் இறங்கினால் அவன் கயிறு பிடிப்பான், சேற்று வாளியை மேலே இழுப்பான். அன்றைக்கு வாளிக்குப் பதிலாக மாமாவை இழுத்தான். வெளியே வந்தவருடைய முகம் நீலமாக இருந்ததாம். தொட்டியின் நிறம் ஒட்டிக்கொண்டது என்று முதலில் நினைத்தானாம் என் தம்பி. அவனுடைய அறிவு அப்படி.

டாக்டரம்மாவிடம் நானும் கூடப் போனேன். சின்ன வயதுப் பெண். முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள், படம் எடுத்துப் பார்த்தாள், சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"நிறுத்திடுங்க. குறைக்கிறது இல்ல. நிறுத்தறது."

இவர் தலையைச் சொறிந்தார். "நிறுத்தினா குண்டாயிடுவேன்னு சொல்றாங்களே டாக்டர்?"

"உங்களுக்கு மூச்சு வேணுமா, இடுப்பு வேணுமா?"

யோசித்தார்! கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், உட்கார்ந்து யோசித்தார். பிறகு, "எனக்குப் பொழப்பே இடுப்புலதாங்க" என்றார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னாள். சிகரெட் பசியை அமுக்கி வைக்கும், விட்டதும் பசி எழுந்து உட்காரும். நாக்குக்கு ருசி திரும்பும். கை பழக்க தோஷத்தில் எதையாவது எடுத்து வாயில் வைக்கச் சொல்லும். நிறையப் பேருக்குக் கொஞ்சம் எடை கூடத்தான் செய்யும், ஆனால் அந்தக் கொஞ்சத்தினால் வரும் கெடுதல் புகையினால் வரும் கெடுதலுக்குக் கால் தூசி பெறாது. "ரெண்டு பேரோட ஒரே நேரத்துல சண்டைக்குப் போகாதீங்க. முதல்ல சிகரெட்டை ஜெயிங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க, வெறும் வயிறு நேரா சிகரெட்டைத்தான் தேடும். தண்ணி நிறையக் குடிங்க, வெள்ளரிக்கா, கேரட்டு ஏதாவது கடிங்க, தினமும் நடங்க."

வெளியே வந்ததும், "என்ன சொன்னாங்கன்னு புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"புரிஞ்சுது. வெறும் வயித்தோட இருக்கக் கூடாதாம்" என்றார்.

அவ்வளவு பேச்சிலும் அவருக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். தொட்டியில் எல்லாத் தண்ணீரையும் வடித்துவிட்டு அடியில் இருக்கும் வண்டலை மட்டும் வழித்தெடுக்கிறவர் அல்லவா.

ஆனால் நிறுத்தினார். குறை சொல்ல நீளும் நாக்கு நிறை சொல்லவும் நீள வேண்டும். நிறுத்தினார், அன்றைக்கே. சட்டைப்பையில் மிச்சமிருந்த பாக்கெட்டை என் தம்பியிடம் கொடுத்து, "தானமா வெச்சுக்க மாப்ள" என்றார். என் தம்பி தானத்தின் அருமை தெரிந்தவன். மாமா நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டு அன்று மாலையே அத்தனையையும் ஊதித் தீர்த்தான்.

முதல் சில நாள் வீட்டில் மின்விசிறியோடு சண்டை, குழாயோடு சண்டை, சும்மா கிடந்த செருப்போடு சண்டை. நான் வாயைத் திறக்காமல் பிரார்த்தனையில் இருந்தேன். பிரார்த்தனை செய்கிறவளோடு சண்டை போடுவது பாவம் என்பதால் அந்த நாட்களில் எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அப்புறம் ஒரு மதியம் சாப்பாட்டில் ஒரு வாய் எடுத்தவர் அப்படியே நிறுத்தினார். இன்னொரு வாய் எடுத்தார். மென்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"உப்புக் கம்மியா இருக்கே."

கல்யாணம் ஆன நாள் முதல் அதே கை, அதே உப்பு. இத்தனை வருடமும் நான் எதைப் போட்டேன், எதைப் போடவில்லை என்று தெரியாமலே சாப்பிட்டு எழுந்து போனவருக்குக் கடவுள் புண்ணியத்தில் நாக்கு திரும்பி வந்துவிட்டது. வந்த நாக்கு முதல் வேலையாக என் மேலேயே புகார் கொடுத்தது.

ருசி வந்த பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ரொட்டி, வேர்க்கடலை, முட்டை, மறுபடி ரொட்டி. "கைக்கு ஒரு வேலை வேணும்ல" என்பார். கைக்கு வேலை கிடைத்தது, வாய்க்கு வேலை கிடைத்தது, பல்லுக்கு ஓய்வே இல்லை. வீட்டில் வேலையில்லாமல் கிடந்தவை அவருடைய கால்கள் மட்டும்தான். "டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்களே?" என்று கேட்டால், "நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கறேன், அது நடை இல்லையா?" என்பார். நான் கேரட்டை நறுக்கிக் கிண்ணத்தில் வைப்பேன். அவர் கேரட்டையும் தின்பார். கேரட்டோடு வேறொன்றைத் தின்னக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

எங்களுக்குக் கீழ் மாடியில் என் நாத்தனார் இருக்கிறார், அவருடைய அக்கா. தம்பிக்குத் தொப்பை முளைப்பதை ஊரில் முதலில் பார்த்தவர் அவர்தான். பார்த்த உடனே படியேறி வந்தார்.

"டேய் ஊசி, என்னடா இது? புகையை வெளியே விடறதை நிறுத்தினதும் அது உள்ளேயே தங்கி ஊதிடுச்சா?"

"அக்கா, சும்மா இரு."

"நம்ம பரம்பரையில ஒருத்தருக்காவது வயிறு இருந்திருக்காடா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீதாம்மா பாத்துப் போடணும்."

"நான் தட்டுல போடறதை மட்டும்தான் அண்ணி நான் பாக்க முடியும். டப்பாவுல கையை விடறதை எல்லாம் மேல இருக்கிறவர்தான் பாக்கணும்" என்றேன்.

அக்கா சொன்னது இவர் மனசில் தைத்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வளைத்து, முனையோடு முனை சேர்த்து, வட்டமாக்கி, அடுக்களை வாசலில் திரைச்சீலை மாட்டும் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்.

"என்னங்க இது?"

"தொட்டி வாயோட அளவு. சரியா அளந்து செஞ்சிருக்கேன். தினமும் காலையில இதுல நுழைஞ்சு பாப்பேன். நுழைஞ்சா கவலை இல்ல. எடை மெஷின் எல்லாம் ஏமாத்தும், இது ஏமாத்தாது."

அன்று முதல் எங்கள் வீட்டில் காலைக் காட்சி ஆரம்பமானது. நான் கும்பிட்டு முடித்துக் கண்ணைத் திறந்தால் எதிரே வளையத்துக்குள் இவருடைய கால் தெரியும். கையை மேலே தூக்குவார். மூச்சை இழுப்பார். நுழைந்து இந்தப் பக்கம் வந்ததும் உலகத்தையே ஜெயித்தவர் மாதிரி என்னைப் பார்ப்பார். "பாத்தியா? விட்டுடுச்சு!" வளையம் விட்டுவிட்டதால் அன்றைக்கு முட்டை கூட ஒன்று. வளையம் விட்டுவிட்டதால் சாயங்காலம் ரொட்டிக்கு வெண்ணெய். சட்டைப் பொத்தான் ஒன்றொன்றாகத் தெறித்தது. நான் ஊசி நூலோடு உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருந்தேன். "சட்டை சுருங்கிடுச்சு. நீ சோப்பை மாத்து" என்றார். சட்டை சுருங்கலாம், பேன்ட் சுருங்கலாம், வளையம் பொய் சொல்லாது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கண்ணுக்கு எதிரே ஆள் பருத்துக்கொண்டே போகிறார், வளையம் மட்டும் எப்படி இவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது? ஆனால் நான் ஆரம்பப் பள்ளியோடு நின்றவள். அளவு, கணக்கு எல்லாம் ஆம்பளைகள் சமாச்சாரம் என்று எனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நானும் மரியாதைக்கு நம்பினேன்.

இந்த நிலைமையில் எங்கள் குடியிருப்புத் தொட்டியைக் கழுவும் நாள் வந்தது. வேறு எங்காவது வந்திருக்கலாம். கடவுள் எதையாவது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி செய்ய விரும்பினால் நாம் என்ன செய்ய முடியும்? நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நாத்தனார் வேடிக்கை பார்க்க நாற்காலியோடு வந்திருந்தார். இன்னும் நான்கைந்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பதற்காக வந்து, கேட்காமல் நின்றார்கள்.

தொட்டியில் தண்ணீரை வடித்தாயிற்று. இவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு ஏறி வாய்க்கு மேல் உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. கையைத் தூக்கினார். கால் போனது. தொடை போனது. அப்புறம் எதுவும் போகவில்லை.

"மாமா?" என்றான் என் தம்பி.

"இரு. சட்டை மாட்டிருக்கு."

சட்டை மாட்டவில்லை. சட்டைக்குள் இருந்ததுதான் மாட்டியிருந்தது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. தொட்டியின் மேல் ஒரு பாதி மனிதர், இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் பிரார்த்தனை செய்கிறார் என்றே நினைக்கத் தோன்றும். எத்தனையோ நாள் நான் கெஞ்சியும் செய்யாத மனிதர்.

என் தம்பி அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தான். "ஆ! விடுடா! தோல் உரியுது!" நாத்தனார் நாற்காலியை விட்டு எழுந்தார். "டேய், குழந்தையில உன் அண்ணன் தலை ஜன்னல் கம்பியில மாட்டினப்ப அம்மா சோப்புத் தண்ணி ஊத்தினாங்கடா!" என்று கீழே ஓடி, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஒரு பாட்டில் நிறையக் கொண்டு வந்தார். ஊற்றினார். இவருடைய இடுப்பைச் சுற்றி நுரை பொங்கியது. ஒரு வீட்டுக்காரர், "இந்தத் தண்ணியைத்தான் நாங்க குடிக்கணுமா?" என்று நியாயமாகவே கேட்டார்.

இதற்குள் இவருக்கும் என் தம்பிக்கும் தொட்டி வேலை பிடித்துக் கொடுக்கும் முதலாளியம்மாவும் வந்துவிட்டார். முழங்கால் வலியோடு படி ஏறியதால் முகம் ஏற்கெனவே கடுப்பில் இருந்தது. சுற்றிப் பார்த்தார். தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க..." என்று ஆரம்பித்தார் இவர்.

"உன்னைத் திட்ட நான் மேல வரல ஊசி. தொட்டி உடைஞ்சிருக்கான்னு பாக்க வந்தேன்."

பிறகு அவரே பக்கத்தில் நின்று, "இருக்கிற மூச்சை எல்லாம் வெளிய விடு. சுத்தமா விடு. ம்... இன்னும் விடு" என்றார். இவர் விட்டார். விட்டுக்கொண்டே இருந்தார். என் தம்பி ஒரே இழுப்பு. சோப்பும் நுரையுமாக வெளியே வந்து மாடித் தரையில் விழுந்தார்.

"எப்படிம்மா?" என்று தரையில் இருந்தபடியே கேட்டார். "வளையத்துல காலையில கூட நுழைஞ்சேனே!"

"எந்த வளையம்?" என்றார் முதலாளியம்மா.

"தொட்டி அளவுக்கு நானே செஞ்சது. கிடங்குல பழைய தொட்டி மூடி ஒண்ணு கிடந்துச்சு. அதை வெச்சு..."

மூடி! நான் துணிக்கிளிப்பை வாயில் வைத்திருந்ததால் பிழைத்தார். பானை வாயைவிடப் பானை மூடி பெரிதாக இருக்கும் என்பது அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். இல்லாவிட்டால் மூடி உள்ளே விழாதா? வாழ்நாள் முழுக்கத் தொட்டி மூடியைத் திறந்து திறந்து மூடியவர், மூடியை அளந்துவிட்டு அதன் பேரில் இத்தனை நாள் வெண்ணெய் தின்றிருக்கிறார்.

நாத்தனார் சிரித்துச் சிரித்து நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். முதலாளியம்மா சிரிக்கவில்லை.

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வேலை இருக்கு. மாடியில அத்தனையும் சின்ன வாய்த் தொட்டி. உன் பேரைச் சொல்லித்தான் அந்த வேலையைப் பிடிச்சேன். உன்னால முடியுமா முடியாதான்னு ஞாயித்துக்கிழமை வந்து சொல்லு. முடியலேன்னா உன் மச்சான் இறங்கட்டும், அவனும் குச்சி மாதிரிதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எல்லோரும் போன பிறகு என் தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பாசத்தில்தான் நீட்டினான். பாசம் என்றால் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"மாமா, சொன்னா கேளுங்க. கொஞ்ச நாளைக்கு இதைத் திரும்பப் பிடிங்க. தொப்பை தானா இறங்கிடும். வேலை முடிஞ்சதும் மறுபடி விட்டுடலாம். விடறதுதான் உங்களுக்குப் பழகிடுச்சே."

இவர் வாங்கிக்கொண்டார். பற்ற வைக்கவில்லை, திருப்பியும் கொடுக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து வீட்டில் இருதலைக் கொள்ளி எறும்பு ஒன்று குடியிருந்தது. சிகரெட் பிடித்தால் தொட்டிக்குள் மூச்சு இல்லை. பிடிக்காவிட்டால் தொட்டிக்குள் இடம் இல்லை. சரி, பட்டினி கிடப்போம் என்று முடிவு செய்தார், டாக்டரம்மா எதைச் செய்யாதே என்றாளோ அதையே. காலையில் வெள்ளரிக்காய், மதியம் வெள்ளரிக்காயைப் பற்றிய யோசனை. நான் ரொட்டியை வைத்தால் தட்டைத் தள்ளினார். கீழே தெருவில் யாராவது புகை விட்டுக்கொண்டு போனால் ஜன்னலுக்குப் போய் நின்றார், மீன் கடைக்கு எதிரே பூனை நிற்கிற மாதிரி. நான் கடவுளிடம், "இளைக்க வை, ஆனால் புகை இல்லாமல் இளைக்க வை" என்று வேண்டினேன். ஒரே மூச்சில் இரண்டு வேண்டுதல் வைத்தால் எது முதலில் என்று அவருக்கும் குழப்பமாகத்தானே இருக்கும். அப்புறம் யோசித்து, "இளைக்காவிட்டாலும் பரவாயில்லை" என்று மாற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் ஆளைக் காணவில்லை. படிக்கட்டில் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சிகரெட் வாயில் இருந்தது. பையிலேயே கிடந்து கசங்கி, கொஞ்சம் வளைந்திருந்தது. தீப்பெட்டி கையில். நான் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"பத்த வைக்கலியா?"

"யோசிக்கிறேன்."

"நல்லா யோசிங்க. யோசிக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிற முதலாளி யாராவது இருந்தா அங்கயே போயிடலாம்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சிகரெட்டை வாயிலிருந்து எடுத்து விரல் நடுவில் வைத்துக்கொண்டார்.

"ஊசின்னு கூப்பிடறானுங்கடி. எந்த மாடிக்குப் போனாலும், 'ஊசி வந்துட்டார், இனிமே கவலை இல்ல'ங்கறானுங்க. அந்தப் பேரும் போயிட்டா அப்புறம் நான் யாரு?"

எனக்கு வாயில் கிண்டல் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதை மெதுவாகத்தான் சொன்னேன். "உங்க அப்பா அம்மா ஒரு பேரு வெச்சாங்களே. பாவம், அது வாங்கின நாள்லேருந்து பிரிக்காமலே பெட்டியில இருக்கு. அதை எடுத்து மாட்டிக்கலாம். அதுக்கு இடுப்பளவு ஒண்ணும் கிடையாது."

ஒரு நொடி பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார், குலுங்குவதற்கு இப்போது வயிறு இருந்தது. அவர் சிரித்தால் அதன் முடிவில் இருமல் வரும். எத்தனையோ வருடமாக அப்படித்தான். சிரிப்பு பாதி, இருமல் பாதி, கடைசியில் கண்ணில் தண்ணீரோடு முதுகைக் காட்டுவார், நான் தட்டுவேன். அன்றைக்கும் நான் பழக்கத்தில் கையைத் தூக்கினேன். சிரித்து முடித்தார். இருமல் வரவில்லை. என் கை பாதியில் நின்றது. அவரும் கொஞ்ச நேரம் அது வரும் என்று காத்திருந்தார். வாயை லேசாகத் திறந்து, கூப்பிட்ட விருந்தாளி ஏன் இன்னும் வரவில்லை என்கிற மாதிரி.

"வரல" என்றார்.

"வரலைங்க."

"முழுசா சிரிச்சேனா?"

"கீழ் மாடி வரைக்கும் கேட்டுச்சு."

கேட்டிருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் நாத்தனார் கீழே இருந்து, "என்னடா அங்க கூத்து?" என்று கத்தினார். இவர் எழுந்தார். வீட்டுக்குள் வந்து ரொட்டி கேட்டார். வெண்ணெய் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு என் தம்பி வீட்டுக்குப் போய் சிகரெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "தானம் குடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது மாப்ள" என்றாராம். என் தம்பி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கசங்கிப் போச்சே மாமா" என்று வருத்தப்பட்டானாம்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மா வீட்டுக்கு நானும் போனேன். துணைக்கு என்று சொன்னார். வழியில் திரும்பி ஓடாமல் பார்த்துக்கொள்ள என்று நான் புரிந்துகொண்டேன். அவர் வாசலிலேயே நின்று ஒப்பித்துவிட்டார்.

"அம்மா, சின்ன வாய்த் தொட்டி இனிமே எனக்கு வேணாம். மாடித் தொட்டியை மாப்ள பாக்கட்டும். எனக்குத் தரைத் தொட்டி குடுங்க."

தரைத் தொட்டி என்றால் பூமிக்கு அடியில் இருப்பது. அதன் வாய் சதுரமாக, அகலமாக இருக்கும், யானையைக்கூட இறக்கிவிடலாம். ஆனால் ஆழம். அடியில் நின்று வண்டலை வழித்து வழித்து வாளியில் நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். மொட்டை மாடி இல்லை, காற்று இல்லை, வேடிக்கை பார்க்க ஆள் இல்லை. அந்த வேலைக்குப் போகிறவனுக்கு யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை.

முதலாளியம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார். "நீயா கேக்கற? தரைத் தொட்டின்னா மூஞ்சியைத் திருப்பிக்குவியே. 'அது எருமை மாட்டு வேலை'ம்ப."

"ஆமாம்மா. எருமை இப்ப தயாரா இருக்கு" என்று தன் வயிற்றைக் காட்டினார்.

அன்றைக்கு முதன்முறையாக முதலாளியம்மா சிரித்தார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, "கேலி இல்ல. அடியில நிக்க மூச்சு வேணும். பாதியில இருமினா தூக்கறதுக்குள்ள உயிர் போயிடும். காத்து ஊதற மெஷின் வெச்சாலும் நுரையீரல் உன்னோடதுதான். தாங்குமா?" என்றார்.

இவர் தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். "இறங்கிப் பாக்கறேம்மா" என்றார்.

நடுவில் ஒரு விஷயம். டாக்டரம்மா சொன்ன நடை அந்த வாரம்தான் ஆரம்பமானது. தனியாக நடந்தால் கால் தன்னால் சிகரெட் கடைப் பக்கம் திரும்புகிறதாம், அதனால் என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தார். நான் அவர் வேகத்துக்கு ஓடினேன். இன்றுவரை தினமும் நடக்கிறோம். பலன் நன்றாகவே தெரிகிறது. என் துணியெல்லாம் எனக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது. அவருடைய வயிறு கொஞ்சம் இறங்கியது, அப்புறம் இது போதும் என்று ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கடவுளிடம் வேண்டும்போது ஆளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வேலை நாளில் காலையில் மாடித் தொட்டிகளை என் தம்பி முடித்தான். ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே வந்து இருமினானாம். மதியம் அங்கிருந்த தரைத் தொட்டிக்குக் கயிறு பிடிக்க வந்தான். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது இவர் ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தார். சதுர வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். ரொம்பக் கீழே ஒரு டார்ச் வெளிச்சம், அதில் ஒரு வழுக்கைத் தலை, இரண்டு பக்கமும் அசையும் தோள். பிரஷ் சுவரில் தேய்க்கிற சத்தம் நிற்காமல் வந்தது. நான் கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பிடித்தபடி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். எந்த நிமிடம் அது நின்று இருமல் கேட்குமோ என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். வாளி வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. என் தம்பிக்குத்தான் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது.

"அக்கா, மாமா இன்னும் ஒருதடவைகூட மேல வரல" என்று என்னிடம் முணுமுணுத்தான். அவனுக்கு அது பெருமையா கவலையா என்று தெரியவில்லை. கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு பையைத் தடவினான். ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் குனிந்தான்.

"மாமா! போதும், மேல வாங்க! ஒரு தம் போட்டுட்டு..." பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

பிரஷ் சத்தம் நின்றது. நான் சதுர வாய்க்கு மேல் குனிந்தேன். அப்புறம் அடியிலிருந்து குரல் வந்தது, தொட்டிச் சுவர் நான்கிலும் மோதி, வீட்டில் சாப்பிட உட்காரும்போது வருகிற அதே பெரிய மனுஷன் குரல்.

"நீ போடு மாப்ள. சாம்பலை மட்டும் உள்ள தட்டாத. இப்பத்தான் கழுவியிருக்கேன்."